பச்சிளம் குழந்தையின் நெஞ்சுக்குள் ஒரு குழாய்: எக்ஸ்ரேயில் இருந்து ஸ்கேனுக்கு வந்த கதை

"குழந்தைக்கு எதுக்கு டாக்டர் இத்தனை தடவை எக்ஸ்ரே எடுக்கறீங்க? ரேடியேஷன் ஆபத்து இல்லையா?"

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் எந்த ஊரிலும் காதில் விழக்கூடிய கேள்வி இது.

நியாயமான கேள்விதான். இரண்டு வரியில் பதில் சொல்லிடலாம். ஆனா அந்த ரெண்டு வரிக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கு. அதில் தன் கையிலேயே குழாயை ஏற்றிக்கொண்ட ஒரு டாக்டர் வருகிறார். ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் வைத்து பாய்லர் கம்பெனிக்குக் கொண்டு போன ஒரு டாக்டர் வருகிறார். நம்ம டாட்டா குடும்பமும் ஓரிடத்தில் வருகிறது.

இழை கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

1. முதலில், எந்தக் குழாய்? எதற்கு எக்ஸ்ரே?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் குடல் இன்னும் பாலைச் செரிக்கத் தயாராகி இருக்காது. ஆனா குழந்தை வளரணும். அதனால் குளுக்கோஸ், புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் நேரடியாக ரத்தத்தில் ஏற்றுகிறோம்.

இந்த அடர்த்தியான திரவத்தை, கையில் போடும் சாதாரண ஊசிக்குழாய் வழியாக நாள்கணக்கில் ஏற்ற முடியாது. அந்தச் சின்ன ரத்தக்குழாய் புண்ணாகி அடைத்துக்கொள்ளும்.

அதனால் நூல் மாதிரி மெல்லிய, நீளமான ஒரு குழாயை (இதைத்தான் கதீட்டர் என்கிறோம்) கை அல்லது கால் வழியாக உள்ளே செலுத்துவோம். பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தை என்றால் தொப்புள்கொடியில் உள்ள ரத்தக்குழாயே நமக்கு வாசல். எந்த வழியில் போனாலும் அதன் முனை, இதயத்துக்குள் நுழையும் பெரிய ரத்தக்குழாயில் போய் நிற்க வேண்டும். அங்கே ரத்தம் வேகமாக ஓடுவதால் எந்த அடர்த்தியான மருந்தும் உடனே கலந்துவிடும்.

இங்கேதான் சிக்கல். முனை எங்கே நிற்கிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

தொப்புள் வழியாகப் போன குழாய் கொஞ்சம் முன்னாடியே நின்றால், அல்லது பாதை மாறிக் கல்லீரலுக்குள் திரும்பிவிட்டால், ஏற்றும் திரவம் கல்லீரலைப் புண்ணாக்கும்.

கொஞ்சம் அதிகமாக உள்ளே போய்விட்டால், காகிதம் போல மெல்லிசான இதயச் சுவரில் முனை உரசிக்கொண்டே இருக்கும். சில குழந்தைகளில் சுவர் அரிந்து, இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் திரவம் கசியும். உறை நிறைந்துவிட்டால் இதயம் விரிய இடமில்லாமல் நின்றுபோகும். இதற்கு கார்டியாக் டாம்பொனேட் என்று பெயர்.

ஒரு கிலோ எடையுள்ள குழந்தையில் சரியான இடத்துக்கும் ஆபத்தான இடத்துக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர்தான்.

அதனால்தான் குழாய் போட்டதும் ஒரு எக்ஸ்ரே. இடம் சரியில்லை என்றால் கொஞ்சம் இழுத்துவிட்டு இன்னொரு எக்ஸ்ரே. கணக்கு அப்படித்தான் ஏறுகிறது.

2. குழாயும் எக்ஸ்ரேயும் சேர்ந்த நாள்

இந்தப் பழக்கத்தின் தொடக்கம் 1929. இடம், ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற சின்ன ஊர்.

வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற 25 வயது இளம் டாக்டர். கை ரத்தக்குழாய் வழியாகக் குழாயை இதயம் வரை கொண்டுபோகலாம், ஆள் சாகமாட்டார் என்று நம்பினார். மேலதிகாரி அனுமதி தரவில்லை. கருவிகளின் சாவி கெர்டா டிட்சன் என்ற நர்ஸிடம் இருந்தது. ஃபோர்ஸ்மன் அவரிடம் பேசிப் பேசி, "சரி, என் மேலேயே செஞ்சு பாருங்க" என்று அவரே முன்வரும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நர்ஸை மேஜையில் படுக்க வைத்துக் கட்டினார். அவர் பார்க்காத பக்கமாக நின்று, தன் இடது கையைத் தானே கீறி, சிறுநீர்ப் பாதைக்குப் பயன்படும் 65 சென்டிமீட்டர் ரப்பர் குழாயைத் தனக்கே ஏற்றிக்கொண்டார். அப்புறம்தான் நர்ஸின் கட்டை அவிழ்த்தார். கையில் குழாய் தொங்க இரண்டு பேரும் படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார்கள்.

எக்ஸ்ரே எதற்கு? குழாய் முனை இதயத்தின் வலது மேலறையில் நிற்கிறது என்று நிரூபிக்க!

இன்றைக்கு நாம் குழாய் போட்டதும் எக்ஸ்ரே எடுக்கிறோமே, அதன் மூதாதை அந்தப் படம்தான். பரிசாக அவருக்குக் கிடைத்தது அவமானம். பெர்லினின் பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை போனது. இதயத்தை விட்டுவிட்டு சிறுநீரக மருத்துவரானார். 1956-இல் அமெரிக்காவின் கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் இருவரோடு சேர்த்து அவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். 27 வருஷம் தாமதம்.

3. நிழலை நம்பியதால் வந்த வினை

எக்ஸ்ரே காட்டுவது நிழல். ராண்ட்கன் 1895-இல் தன் மனைவியின் கையைப் படம் எடுத்த நாளில் இருந்து இன்றுவரை அதுதான் அதன் அடிப்படை. எலும்பு நன்றாகத் தெரியும். ரத்தக்குழாயும் இதயமும் தனித்தனியாகத் தெரியாது, எல்லாம் ஒரே வெள்ளைத் திட்டு. முதுகெலும்பை எண்ணி, "இந்த எலும்புக்கு நேராக முனை இருக்கு, அப்போ இதயத்தின் வாசலில்தான் இருக்கணும்" என்று நாம் ஊகிக்கிறோம்.

நிழலை வைத்து ஊகிப்பது எவ்வளவு தூரம் வழிதவறும் என்பதற்கு, குழந்தை மருத்துவ வரலாற்றில் ஒரு பெரிய உதாரணம் இருக்கு. தைமஸ் சுரப்பியின் கதை.

தைமஸ் என்பது மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பி. நோய் எதிர்ப்பு செல்கள் பயிற்சி பெறும் பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு இது பெரிசாகத்தான் இருக்கும். வயசு ஏற ஏறச் சுருங்கும்.

ஆனால் அந்தக் காலத்து மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனையில் பெரும்பாலும் பார்த்தது, பல நாள் நோயிலும் பட்டினியிலும் கிடந்து இறந்த ஏழைக் குழந்தைகளின் உடல்களை. நோயும் பட்டினியும் தைமஸைச் சுருக்கிவிடும். அந்தச் சுருங்கிய அளவையே 'நார்மல்' என்று நினைத்துக்கொண்டார்கள்.

தொட்டிலில் திடீரென்று இறந்த ஆரோக்கியமான குழந்தையைப் பரிசோதித்தபோது தைமஸ் பெரிதாக இருந்தது. "ஆஹா, இதுதான் மூச்சை அடைத்துக் கொன்றிருக்கு" என்று முடிவு கட்டினார்கள். 1889-இல் வியன்னாவில் பால்டாஃப் இதற்கு ஒரு நோய்ப் பெயரே வைத்துவிட்டார்.

பிறகு எக்ஸ்ரே வந்தது. ஆரோக்கியமான குழந்தைகளின் நெஞ்சுப் படத்திலும் தைமஸ் நிழல் பெரிதாகத் தெரிந்தது. இயல்பான நிழல்தான். அதை நோய் என்று படித்தார்கள். 1907-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஃப்ரீட்லாண்டர் என்ற மருத்துவர் அதைச் சுருக்க எக்ஸ்ரே கதிர்களையே சிகிச்சையாகக் கொடுத்தார். அது பரவியது. அடுத்த நாற்பது ஐம்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான ஆரோக்கியமான குழந்தைகளின் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது.

1931-இல் பிரிட்டனில் ஒரு விசாரணைக் குழு, இப்படி ஒரு நோய் இருப்பதற்கே ஆதாரமில்லை என்று சொன்னது. அப்பவும் அமெரிக்காவில் பழக்கம் நிற்கவில்லை.

1950-இல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற இருவர் நியூயார்க்கில் தைராய்டு புற்றுநோய் வந்த 28 குழந்தைகளின் பழைய வரலாற்றைத் தோண்டினார்கள். அவர்களில் பலருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது தைமஸுக்கு எக்ஸ்ரே சிகிச்சை கொடுக்கப்பட்டிருந்தது.

இல்லாத நோய்க்கு சிகிச்சை கொடுத்து, இருக்கிற நோயை வரவழைத்த கதை.

இந்தத் தைமஸை மனசில் ஓரமாக வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

4. 1958 ஜூன்: இரண்டு கட்டுரைகள்

ஆக்ஸ்ஃபோர்டில் அலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் மருத்துவர். குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் ஏன் வருகிறது என்று தேடினார். பெரிய நிதி எதுவும் இல்லை. கிடைத்தது 1000 பவுண்டு. கொடுத்தது லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை! தோராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் 1931-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். அவர் நினைவாக, அந்த நோயை ஆராய்வதற்காகவே 1932-இல் தொடங்கிய அறக்கட்டளை அது.

ஸ்டூவர்ட் செய்தது எளிமையான வேலை. புற்றுநோயில் குழந்தையை இழந்த அம்மாக்களையும், ஆரோக்கியமான குழந்தைகளின் அம்மாக்களையும் ஒரே கேள்விகளைக் கேட்க வைத்து ஒப்பிட்டார். "அம்மாக்களுக்கு ஞாபகம் இருக்கும்" என்பதே அவருடைய நம்பிக்கை.

பதில் தெளிவாக வந்தது. கர்ப்பமாக இருந்தபோது வயிற்றுக்கு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது, குழந்தையை இழந்த அம்மாக்களில் சுமார் இரண்டு மடங்கு அதிகம்.

முழு ஆய்வு 1958 ஜூன் மாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அன்று எக்ஸ்ரே என்றால் முன்னேற்றத்தின் அடையாளம். செருப்புக் கடையில் குழந்தையின் கால் ஷூவுக்குள் பொருந்துகிறதா என்று பார்க்கக்கூட எக்ஸ்ரே பெட்டி வைத்திருந்த காலம்! "துக்கத்தில் இருக்கும் அம்மா அதிகமாக யோசித்துச் சொல்லியிருப்பாள்" என்று ஸ்டூவர்ட்டை ஒதுக்கினார்கள். 1962-இல் அமெரிக்காவில் மக்மாஹன், யார் ஞாபகத்தையும் நம்பாமல் மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் வைத்துப் பார்த்தார். அபாயம் ஸ்டூவர்ட் சொன்னதைவிடக் குறைவாக வந்தது, ஆனால் திசை அதேதான். அப்புறமும் கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுப்பது குறையப் பல வருஷம் ஆனது.

குறையக் காரணம் அதே 1958 ஜூனில் லான்செட் இதழில் வந்த இன்னொரு கட்டுரை.

கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட். இரும்பில் விரிசல் கண்டுபிடிக்க பாய்லர் தொழிற்சாலைகளில் ஒலி அலைக் கருவி பயன்படுத்துவதைக் கேள்விப்பட்டார். 1955-இல் ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு பாப்காக் அண்டு வில்காக்ஸ் கம்பெனிக்கே போய்விட்டார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சி. நீர்க்கட்டி ஒரு மாதிரி எதிரொலித்தது, சதைக்கட்டி வேறு மாதிரி எதிரொலித்தது.

டாம் பிரவுன் என்ற இளம் எஞ்சினியர் கருவியை மனித உடலுக்கு ஏற்றபடி மாற்றினார். வயிறு வீங்கிய ஒரு பெண்ணுக்கு, குணப்படுத்த முடியாத வயிற்றுப் புற்றுநோய் என்று முடிவு செய்திருந்தார்கள். ஸ்கேன் "இது நீர்க்கட்டி" என்றது. கர்ப்பப்பைப் பக்கம் இருந்த பெரிய கட்டியை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

ஒரே மாதத்தில் ஒரு கட்டுரை எக்ஸ்ரேயின் விலையைச் சொன்னது. இன்னொன்று அதற்கு மாற்று இருக்கிறது என்று காட்டியது.

5. குழந்தைகளுக்கு வந்த குழாய்

இதற்கிடையே குழாய்களும் குழந்தைகளிடம் வந்துவிட்டன. 1940-களின் பின்பகுதியில் பாஸ்டனில் லூயி டயமண்ட், ரீசஸ் பிரச்னையால் ரத்தம் சிதையும் குழந்தைகளுக்கு, தொப்புள் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தி ரத்தத்தையே மாற்றினார்.

1967-இல் ஃபிலடெல்ஃபியாவில் சிறுகுடல் சரியாக உருவாகாமல் பிறந்த ஒரு பெண் குழந்தை எடை இழந்துகொண்டே போனது. டட்ரிக், வில்மோர் என்ற மருத்துவர்கள் இதயத்தருகே உள்ள பெரிய ரத்தக்குழாயில் குழாய் வைத்து முழு உணவையும் அதன் வழியாகக் கொடுத்தார்கள். வாய் வழியாகச் சாப்பிடாமலே குழந்தை வளர்ந்தது. உலகமே ஆச்சரியப்பட்டது. இன்று எந்த ஊர் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் குறைமாதக் குழந்தை பிழைக்கிறது என்றால் அதில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரிய பங்குண்டு.

ஆனால் குழாய்கள் கூடக் கூட விபத்துகளும் வந்தன. 2001-இல் பிரிட்டன் சுகாதாரத் துறை நான்கு பச்சிளம் குழந்தைகளின் மரணத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. நான்கிலும் காரணம், மேலே சொன்ன அதே கார்டியாக் டாம்பொனேட். குழாய் முனை இதய அறைக்குள் இருக்கக் கூடாது, வெளியேதான் நிற்க வேண்டும் என்று அறிக்கை சொன்னது.

அடுத்த வருஷம், 2002-இல், அங்குள்ள நைஸ் அமைப்பு கழுத்து வழியாகக் குழாய் போடும்போது பெரியவர்கள், குழந்தைகள் இரு தரப்புக்கும் அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே போடச் சொன்னது. அது ஊசியை வழிநடத்த. உள்ளே போன முனையைப் பார்க்கவும் அதே மெஷினைப் பயன்படுத்தினால் என்ன?

6. ஸ்கேனில் என்ன தெரிகிறது?

நிழல் தெரியாது. ரத்தக்குழாயே தெரியும். இதயம் துடிப்பது தெரியும். அதன் வாசலில் இரண்டு வெள்ளைக் கோடுகளாகக் குழாய் நிற்பது தெரியும்.

சந்தேகம் இருந்தால் குழாய் வழியாகத் துளி சலைன் தள்ளுவோம். அதில் உள்ள நுண்குமிழிகள் திரையில் வெண்புகை மாதிரி கிளம்பும். புகை எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கேதான் முனை.

எக்கோவோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், முதுகெலும்பை எண்ணிச் சரி என்று சொன்ன தொப்புள் குழாய்களில் பல உண்மையில் வேறு இடத்தில் இருப்பது தெரியவந்தது.

நடைமுறையில் இன்னொரு பெரிய லாபம் இருக்கு. எக்ஸ்ரே என்றால் குழாய் போட்டு முடித்து, துணியை எல்லாம் எடுத்த பிறகு, படம் வரும் வரை காத்திருக்கணும். அதற்குள் அந்த இடம் கிருமியற்ற நிலையை இழந்துவிடும். குழாய் கம்மியாகப் போயிருந்தால் மேலே தள்ள முடியாது. வெளியே இழுக்க மட்டும்தான் முடியும். ஸ்கேன் என்றால் போடும்போதே பார்த்து, அப்போதே சரிசெய்துவிடலாம்.

குழாய் போட்ட இடத்திலேயே அசையாமல் நிற்கும் பொருளும் அல்ல. குழந்தை கையை மடக்கினால் முனை நகரும். தொப்புள் காய்ந்து சுருங்கும்போது நகரும். இதற்கெல்லாம் தினம் தினம் எக்ஸ்ரே எடுக்க முடியாது. ஸ்கேன் தினமும் வைக்கலாம். குழந்தையைத் தூக்கி அடியில் பிளேட் வைக்க வேண்டியதில்லை, உடம்புச் சூடு குறையாது.

இப்ப அந்தத் தைமஸை எடுங்க.

ஒலி அலைக்குக் காற்றும் எலும்பும் ஆகாது. பெரியவர்களின் நெஞ்சில் மார்பெலும்பும் நுரையீரல் காற்றும் மறைத்துவிடும். குழந்தைக்கோ மார்பெலும்பு இன்னும் குருத்தெலும்பாகவே நிறைய இருக்கும், அதன் பின்னால் பெரிய தைமஸ். காற்றில்லாத, மென்மையான சதை. ஒலி அலை அதன் வழியாக வழுக்கிக்கொண்டு போய் பெரிய ரத்தக்குழாய்களைக் காட்டும். எக்ஸ்ரே காலத்தில் வியாதி என்று பழி சுமந்த அதே சுரப்பிதான் இன்று ஸ்கேனுக்கு ஜன்னல்.

7. அப்போ எக்ஸ்ரே வேண்டாமா?

வேண்டும். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் "எக்ஸ்ரே எடுக்க விடமாட்டேன்" என்று சண்டை போடாதீர்கள்.

ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் குழந்தைக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு, மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் நாம் எல்லோரும் சில நாட்களில் இயற்கையாக வாங்கும் அளவுதான். தைமஸ் காலத்தில் கொடுத்தது சிகிச்சை அளவு, அது பல மடங்கு அதிகம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. தவறான இடத்தில் குழாய் இருப்பதன் ஆபத்து, ஒரு எக்ஸ்ரேயின் ஆபத்தைவிட ரொம்பப் பெரிசு.

ஆனால் குழந்தையின் செல்கள் வேகமாகப் பிரிகின்றன, அதன் முன்னால் எழுபது எண்பது வருஷ வாழ்க்கை இருக்கிறது, சின்ன உடம்பு என்பதால் நெஞ்சுப் படத்திலேயே தைராய்டும் வயிறும் மாட்டிக்கொள்கின்றன. அதனால் தவிர்க்கக்கூடிய ஒவ்வொரு படத்தையும் தவிர்ப்பது நல்லது.

ஸ்கேனுக்கும் குறைகள் உண்டு. குடலில் வாயு நிறைந்திருந்தால் மறைக்கும். நூலைவிட மெல்லிய குழாயைப் பிடிப்பது கஷ்டம். எல்லாவற்றுக்கும் மேலே, பார்ப்பவருக்குப் பயிற்சி வேணும். பயிற்சி இல்லாத கையில் ஸ்கேன், எக்ஸ்ரேயைவிட ஆபத்து.

8. நம் ஊரில்

இங்கே இன்னொரு முடிச்சு இருக்கு. நம் நாட்டில் ஸ்கேன் மெஷின் என்றாலே சட்டம் கூடவே வரும். கருவில் பெண் என்று தெரிந்து அழித்த கொடுமையால் 1994-இல் வந்த சட்டம் அது. கருவின் பாலினத்தைக் காட்டும் திறனுள்ள எந்த மெஷினுக்கும் பதிவு வேண்டும். பிறந்த குழந்தைகளுக்கு மட்டுமே பயன்படுத்தினாலும் சரி. எடுத்துச் செல்லும் மெஷின்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம்.

சட்டம் தேவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பெண் குழந்தையை நாம் கொன்றதால்தான் அது வந்தது. ஆனா பாருங்க, பிறந்துவிட்ட பெண் குழந்தையைக் காப்பாற்றும் மெஷினும் அதே பூட்டுக்குள் இருக்கு. படிவம் நிரப்பலாம், பதிவு வாங்கலாம். எல்லாம் செய்யக்கூடியதே. செய்ய ஒருவர் மெனக்கெடணும்.

மெஷின் வாங்குவது ஒரு நாள் வேலை. இரவு இரண்டு மணிக்கு டியூட்டியில் இருக்கும் டாக்டருக்கு அதைப் பிடித்துப் பார்க்கத் தெரிவதுதான் பல மாத வேலை. குழந்தை மருத்துவம் படிப்பவர்களுக்கு ஸ்டெதஸ்கோப் போல இதையும் கையில் கொடுத்துக் கற்றுக்கொடுத்தால், அடுத்த தலைமுறைக் குழந்தைகளுக்குப் பாதி எக்ஸ்ரே மிச்சம்.

உங்கள் குழந்தை தீவிர சிகிச்சையில் இருந்தால் டாக்டரிடம் தயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்:

குழாய் முனை இப்போது எங்கே இருக்கிறது?
அதை எப்படிப் பார்த்து உறுதி செய்தீர்கள்?
இந்தக் குழாய் இன்னும் எத்தனை நாள் தேவை?

மூன்றாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் தேவைப்படாத ஒரே குழாய், வேலை முடிந்ததும் எடுத்துவிட்ட குழாய்தான்.


ஓர் அரசு மருத்துவர்